நான் எடுத்த பொட்டலம்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியில் எம்.பி.ஏ. படித்தபோது தொழில்முனைவு என்று ஒரு பாடம் இருந்தது. உளவியலில் கொஞ்சம், பொருளாதாரத்தில் கொஞ்சம், சட்டம், சமூகவியல் என்று எல்லாரிடமும் இரவல் வாங்கிப் பிழைக்கும் பாடம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. எதற்கும் அதில் விடை இருக்கும் என்று நம்பினேன், மடச்சி.

பள்ளிபாளையத்தில் பத்து விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு அப்போதுதான் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரி மேல் ஆசை பிடித்திருந்தது. தறிகளை விற்றுவிட்டு, மாமாவோடு கூட்டுச் சேர்ந்து வெளி மாநிலத்தில் போர் போடப் போவதாகத் திட்டம். என் புராஜெக்டுக்கு அதையே எடுத்துக்கொண்டேன். இரண்டு மாதம் ரிக்காரர்களைத் தேடி அலைந்தேன். பாறை, உரிமம், கூட்டாளியின் குணம் என்று எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் வேண்டாம் என்றே வந்தது. சத்தத்தை வைத்தே எந்தத் தறியில் கோளாறு என்று சொல்லிவிடும் அப்பாவுக்கு ரிக்கைப் பற்றி ஒன்றுமே தெரியாது.

அறிக்கையை வாசித்துக் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டார்.

“நீ சொல்றது அத்தனையும் செரிதாஞ் சாமி. இருந்தாலும் அம்மங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுப்போடலாம்.”

கல்யாணமோ கிணறோ, எங்கள் பக்கம் பூப்போட்டுப் பார்க்காமல் எதுவும் நடக்காது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போடுவார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். அப்பா என்னையே எடுக்கச் சொன்னார். முடியாது என்றிருக்கலாம். சிவப்பு வந்துவிட்டால் என் பேச்சு அம்மன் பேச்சாகிவிடுமே என்ற நப்பாசை எனக்கு.

கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பூசாரி பிரித்தார். வெள்ளை.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “உம் படிப்பு வேண்டாங்குது, உங் கை வேணுங்குது பாரு சாமி!”

இப்படி ஒரு கணக்கு எந்தப் பாடத்திலும் இல்லை. அந்த அறிக்கைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வந்த வாரம், தறிகளைக் கழற்றி வண்டியில் ஏற்றினார்கள்.

ஒன்றரை வருஷத்தில் ரிக் கைவிட்டுப் போனது. அப்பா இப்போது இன்னொருவர் பட்டறையில் தறி ஓட்டுகிறார். என்னைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏன் தறியை விற்றீர்கள் என்று யாராவது கேட்டால்தான், என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, பெருமையாகச் சொல்வார்:

“எம் புள்ளைதானுங்க பூ எடுத்துக் குடுத்துச்சு.”