கமாலுதீன் கட்டிய நாலு வீடு

திருவொற்றியூரில் கமாலுதீனுக்கு ஒரு மனை கிடைத்தது. காசு கொடுத்து வாங்கியதல்ல, அவன் அக்கா அஜீசுன்னிசா கொடுத்தது. அவள் புருஷன் துறைமுகத்தில் படகுச் சாரங்காக, படகாட்களுக்குத் தலைவராக இருந்தவர். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம், ஓடுகிற ஒருவனிடம் அடிமாட்டு விலைக்கு அந்த மனையைப் பெண்டாட்டி பேரில் வாங்கிப் போட்டார். கொஞ்ச நாளில் அவரும் காலமாகிவிட்டார். பிள்ளை குட்டி இல்லாத அஜீசுன்னிசா அந்த மனையிலேயே ஓர் ஓலைக் குடிசையில், இரண்டு ஆடுகளோடு இருந்தாள்.

கமாலுதீனுக்கு ராயபுரத்தில் கோணி மண்டியில் கிழிந்த சாக்கு தைக்கிற வேலை. ஒற்றை அறையில் பெண்டாட்டி சாபிராவும் மூன்று பெண் குழந்தைகளும். யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்து, திருவொற்றியூர்ப் பக்கம் கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்தன. வேலைக்கு வந்தவர்கள் தலை சாய்க்க ஓர் இடம் கிடைக்காதா என்று தெருத்தெருவாக அலைந்தார்கள்.

"நீ அங்க நாலு ரூம்பு கட்டி வாடகைக்கு வுடு தம்பி" என்றாள் அக்கா. "ஒண்ணு எனக்கு. மீதி மூணுல வர்ற வாடகை உன் பொண்ணுங்களுக்கு."

கொடுக்கிறேன் என்று வாயால் சொன்னால் போதும், பத்திரம்கூட வேண்டாம் என்றார் ஜமாத்துப் பெரியவர். ஆனால் கொடுக்கிறவர் தன் சாமான் செட்டோடு வெளியே வந்துவிட வேண்டும், வாங்குகிறவர் உள்ளே போய் நிற்க வேண்டும். அப்போதுதான் கொடை செல்லும். அஜீசுன்னிசா டிரங்குப் பெட்டி, பாய், அடுப்பு, ஆடுகள் எல்லாவற்றையும் தெருவுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடுத்தேன்" என்றாள். "வாங்கிக்கினேன்" என்று சொல்லிவிட்டுக் கமாலுதீன் காலிக் குடிசைக்குள் போனான். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஓலை இடுக்கு வழியாகப் பார்த்தான். அக்கா வெயிலில், யாரோ வீட்டு விசேஷத்துக்கு வந்தவள் மாதிரி நின்றிருந்தாள். மனை கிடைத்த சந்தோஷத்தைக் காணோம், வெட்கமாக இருந்தது. பெரியவர் தலையசைத்ததும் வெளியே எட்டிப் பார்த்து, "உள்ள வாக்கா" என்றான்.

மனை வந்தது, கட்டப் பணம் எங்கே? சேட்டுகள் கொடுப்பார்கள், வட்டிக்கு. வட்டிக் காசு வீட்டுக்குள் வந்தால் தான் வெளியே போய்விடுவதாகச் சாபிரா சொல்லிவிட்டாள். அப்போது வந்து சேர்ந்தவன்தான் பாஸ்கர். வீடு, மனை, செங்கல், மரம் எல்லாவற்றுக்கும் தரகு பார்ப்பவன். நல்லவன்தான், தரகர்களில் அப்படி ஒருவர் உண்டென்றால்.

"போக்கியத்துக்கு வுடு பாய்" என்றான். "குடி வர்றவன் மொத்தமா ஒரு துட்டு குடுப்பான். மூணு வருசம் சும்மா இருப்பான். போறப்போ அவன் துட்ட அவனாண்ட குடுத்துரணும். உனுக்கு வட்டி கெடியாது, அவனுக்கு வாடகை கெடியாது. வூடு எழும்புறதுக்கு முன்னாடியே துட்ட வாங்கித் தர்றேன்."

கமாலுதீன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். ஒரு வீடு போக்கியத்துக்கு, அந்தப் பணத்தில் கட்டடம். இரண்டு வீடு வாடகைக்கு. நாலாவது அக்காவுக்கு. எல்லாம் சரியாகத்தான் வந்தது. விரலில் எண்ணும்போது எல்லாமே சரியாகத்தான் வரும்.

குடிசையைப் பிரித்தார்கள். வீடு முடிகிற வரைக்கும் பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கிற மங்கை வீட்டில் அக்கா ஒண்டிக்கொண்டாள். கடற்கரை மண், தோண்டத் தோண்டத் தண்ணீர். முதல் வீட்டுப் பணத்தை அஸ்திவாரமே தின்றுவிட்டது. கமாலுதீன் இரண்டாவது வீட்டையும் போக்கியத்துக்குப் பேசினான். சுவர் நெஞ்சு உயரம் வந்ததும் அதுவும் தீர்ந்தது. மூன்றாவதையும் பேசினான். இனி வாடகை எங்கிருந்து வரும் என்று சாபிரா கேட்டாள். மூணு வருஷம் போனால் வரும் என்றான். மூணு வருஷம் போனால் வாங்கின பணத்தை அல்லவா திருப்பித் தர வேண்டும், அதற்கு என்ன வழி என்றாள் அவள். அவன் மறுபடியும் விரலை மடக்க ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

அக்காவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தினமும் காலையில் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து, சாந்து குழைக்க அவள்தான் ஊற்றினாள். கமாலுதீன் போகும்போதெல்லாம் கடல் பக்கத்து அறைக்கு அவனை அழைத்துப் போவாள்.

"இங்க அடுப்பு வெச்சிக்கறேன். பின்னாடி ஆடு கட்டிக்கலாம். காத்து இன்னா மாதிரி வருது பாரு."

ஐப்பசி பிறந்தது. நாலு வீட்டுக்கும் சுவர் நின்றது, கூரை இல்லை. மழை பிடித்தால் மண்சாந்துச் சுவரெல்லாம் கரைந்து போகும், மூன்று பேர் கொடுத்த பணமும் அதோடு போகும். ஓட்டுக்கும் மரத்துக்கும் பணம் தர பாஸ்கர் ஓர் ஆளைப் பிடித்து வைத்திருந்தான்.

"கடல் பக்கத்து ரூம்ப கேக்கறான் பாய். நாளைக்கே துட்டு."

"அது அக்காளுது."

"மனை ஒன்னுதுதானே?"

ஆமாம், மனை அவனுடையதுதான். ஊரறிய வாங்கிக்கொண்டது. ஆனால் அறை அக்காவுடையது. இரண்டும் உண்மையாக இருக்க முடியுமா என்று அவனுக்கு விளங்கவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. சரி என்று சொல்லிவிட்டான். அன்றே அக்காவிடமும் சொல்லிவிடத்தான் போனான். அவள் ஈரச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றாள். மழை வரும் போலிருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினான். அதற்குப் பிறகும் பல தடவை சொல்லப் போனான். ஓடு வந்துவிட்டது என்று சொன்னான், கொத்தனாருக்குக் காய்ச்சல் என்று சொன்னான். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

குடி வருகிற நாள் வந்தது. மூன்று குடும்பங்கள் காலையிலேயே வந்து இறங்கிவிட்டன. அஜீசுன்னிசா தலையில் டிரங்குப் பெட்டியோடு, ஆடுகளை ஓட்டிக்கொண்டு குப்பத்திலிருந்து வந்தாள். கடல் பக்கத்து அறை வாசலில் ஒரு கைவண்டி நின்றது. ரோசி என்ற சின்னப் பெண் அதிலிருந்து பாத்திரங்களை இறக்கிக்கொண்டிருந்தாள். அவள் புருஷனுக்குப் பக்கத்துக் கம்பெனியில் வேலை.

"இது யார் தம்பி?" என்றாள் அக்கா.

கமாலுதீன் தரையைப் பார்த்தான். "கூரைக்குத் துட்டு இல்லக்கா. மூணும் பத்தாம நாலாவதும் போக்கியத்துக்குப் போய்ட்ச்சு."

அக்கா பெட்டியை இறக்கவில்லை. ரோசி இவர்களிடம் வந்து, "வூட்டுக்காரங்க யாருங்க? கெணறு எங்க கீது?" என்று கேட்டாள். அஜீசுன்னிசா தம்பியைக் காட்டினாள். அதே நேரம் கமாலுதீன் அக்காவைக் காட்டினான். ரோசி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கிணற்றைத் தானே தேடிக்கொண்டு போனாள்.

ஆடுகளை மங்கை வீட்டில் விட்டுவிட்டு ராயபுரத்துக்கு நடந்தார்கள். பெட்டியை இப்போது கமாலுதீன் சுமந்தான். பாதி வழியில் அக்கா கேட்டாள்.

"வாடகைக்கு வூடு கட்டறோம்னுதானே சொன்னே. வாடகையும் வர்ல, இருக்க வூடும் இல்ல. அப்போ நாம இன்னாத்தத்தான் கட்டினோம் தம்பி?"

குத்திக் காட்டவில்லை அவள். புரியாமல்தான் கேட்டாள். திட்டியிருந்தால் கமாலுதீன் தாங்கியிருப்பான். உன்னை நம்பித்தானே கொடுத்தேன் என்று அழுதிருந்தால்கூட அவள் காலில் விழுந்திருப்பான். அவனிடம் போய் அவள் விளக்கம் கேட்டதுதான் அவனைக் கொன்றது. அதே கேள்வியை எத்தனையோ நாளாக அவனும் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வைத்துக்கொண்டிருந்தான்.

சாபிரா அக்காவுக்கு இடம் ஒதுக்கினாள். ஐந்து பேரே கால் நீட்ட முடியாத அறை. கமாலுதீன் தன் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனான். அன்று தொடங்கி, நாலு வீட்டுக்குச் சொந்தக்காரன் கோணி மூட்டைகளின் மேல்தான் படுத்தான்.