தறிக்குழியில் விட்ட பிள்ளை

2006 ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெயப்ரியா வீட்டைவிட்டுப் போனாள். சேவூரிலிருந்து டவுன் பஸ்ஸில் ஆரணி, அங்கிருந்து வேலூர். அவளுடைய அம்மா லீலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் ஓடவில்லை.

"ஓடியிருந்தா பஸ்ஸுலயே கத்தியிருப்பா. தெருவே கேட்டிருக்கும்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். தெருவுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதுதான் பல வருஷமாக அவளுக்கிருந்த கவலை.

லீலா எங்களுக்கு அடுத்த வீடு. எனக்குச் சித்தி முறை. நான் எங்கெங்கோ வேலை பார்த்துச் சுற்றிவிட்டு 2008இல் திரும்பியபோது அந்த வீட்டில் பகலில் அவள் மட்டும்தான். தங்கவேலு சித்தப்பா காலையில் ஜரிகைக் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். தறியில் உட்கார்ந்து ஊடை நூல் ஓடும் நாடாவை எறிந்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல், எல்லாவற்றையும் சொன்னாள்.

"என்கிட்ட எதுக்கு சித்தி சொல்றே?"

"நீதான் ஒரு ஊர்ல நிக்க மாட்டியே. உன்கிட்ட சொன்னா உன்கூடவே போயிடும், இங்க நிக்காது."

அந்த வீட்டில் முன்பு இரண்டு தறிகள் இருந்தன. சித்தப்பா கடை வேலைக்குப் போன பிறகு அவருடைய தறியைக் கழற்றி விற்றுவிட்டார்கள். நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிக்கிற குழி மட்டும் திறந்து கிடந்தது. ஒரு மழைக்காலத்தில் தெருவில் திரிந்த செவலை நாய் அதில் இறங்கிக் குட்டி போட்டது. ஈரத்தில் துரத்த மனசு வராமல் லீலா கஞ்சி ஊற்றினாள். குட்டிகள் வளர்ந்து தெருவுக்குப் போன பின் குழியைப் பெருக்கி, சாணி மெழுகினாள்.

அடுத்த கோடையில் ஜெயப்ரியா நடக்கத் தொடங்கினாள். நெசவு வீட்டில் அந்த வயசுப் பிள்ளையை வைத்துக்கொள்வது பெரிய பேஜார். தறியில் நீளக் கட்டிய பாவின் மேல் விழுந்தால் இழைகள் அறுந்துபோகும். கதவு திறந்திருந்தால் தெருவுக்கு ஓடிவிடும். அதனால் காலிக் குழி இருக்கிற வீடுகளில் பிள்ளையை அதற்குள் இறக்கிவிடுவார்கள். ஏறி வர முடியாது. லீலாவும் கையில் நூல் சுற்றுகிற பழைய தார்க்குச்சி ஒன்றைக் கொடுத்து மகளை இறக்கிவிட்டாள். அவள் இந்தப் பக்கம் நெய்வாள், பிள்ளை அந்தப் பக்கம் குழிச்சுவரைச் சுரண்டித் தின்னும். வாயில் மண்ணைப் பார்த்தால் துடைத்துவிடுவாள். மண் தின்னாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது?

நான்கு வயசில் ஜெயப்ரியாவின் இடது கண் லேசாக ஒதுங்கிப் பார்த்தது. எதிர்வீட்டுச் சின்னம்மாள் கன்னத்தைக் கிள்ளி, "மாறுகண்ணுடி! அதிர்ஷ்டம். பெரிய எடத்துல வாக்கப்படுவா பாரு" என்றாள். எல்லோரும் அதையே சொன்னார்கள். லீலாவுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். ஒரு வருஷம் அப்படிப் போனது.

பள்ளிக்கூடத்தில் நான்சி டீச்சர்தான் ஒருநாள் பிள்ளையின் வலது கண்ணைக் கையால் மூடிப் பார்த்தார். "டீச்சர், லைட்ட நிறுத்திட்டாங்க" என்று அது சிரித்தது.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ கட்டி. கேன்சராக இருக்கலாம், விட்டால் மூளைக்கு ஏறிவிடும் என்றார்கள். அப்படி முடிவு சொல்வதற்கு முன் இளம் டாக்டர் ஒருவர் கேட்டார்:

"வீட்ல நாய் வளக்கறீங்களாம்மா?"

"இல்லீங்க."

லீலா பொய் சொல்லவில்லை. எங்கள் தெருவில் யாரும் நாய் வளர்ப்பதில்லை. அவை தெருவில் இருக்கும், மீந்த சோற்றைத் தின்னும், யாருடையதும் இல்லை. கஞ்சி ஊற்றிய மழைக்காலம் அப்போது அவள் நினைவுக்கே வரவில்லை. கண்ணை எடுத்துவிட்டார்கள்.

எடுத்த கண்ணைச் சோதித்த முடிவைக் கேட்க லீலா தனியாகத்தான் போனாள். கட்டிக்குள் இருந்தது கேன்சர் இல்லை, புழு. நாய்க்குட்டிகளின் குடலில் இருக்கிற உருண்டைப் புழு. அதன் முட்டை மலத்தோடு மண்ணில் விழுந்தால் வருஷக்கணக்கில்கூட உயிரோடிருக்கும். அந்த மண்ணைத் தின்னும் பிள்ளையின் வயிற்றில் பொரிந்து, கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சு ரத்தத்தோடு ஓடும். சில பிள்ளைகளுக்கு ஈரலில் தங்கும், சிலருக்கு நுரையீரலில். இவளுக்குக் கண்ணில். குழியில் குட்டி போட்ட செவலை நாய் அப்போதுதான் லீலாவுக்கு நினைவு வந்தது, டாக்டரிடம் சொன்னாள்.

"நாய் இருந்துச்சுன்னு தெரிஞ்சிருந்தா ரத்தம் எடுத்துப் பாத்திருப்போம்" என்றார் டாக்டர். "பார்வை திரும்பியிருக்காதும்மா. ஆனா கண்ணை எடுக்காமலே விட்டிருக்கலாம்."

இதை அவள் என்னிடம் சொன்னபோது, ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டது அவர்களுடைய தப்பு என்றேன். லீலா ஒத்துக்கொள்ளவில்லை. "கேட்டாரில்ல? நான்தான இல்லன்னேன்."

அவள் ஊர் திரும்பியபோது தெருவே வாசலில் நின்றது. "கேன்சரக் கண்ணோட எடுத்துப் போட்டுட்டு புள்ளைய மீட்டுட்டா. இவ பொம்பள!" என்றாள் சின்னம்மாள். மாமியார் முதல்முறையாக அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்த நேரத்தில் லீலாவால் வாயைத் திறக்க முடியவில்லை. மறுநாளும் முடியவில்லை. அப்புறம் அதுவே நிஜமாகிவிட்டது, சித்தப்பாவுக்கும்கூட.

குழியை மட்டும் மூடிவிட்டாள். "இன்னாத்துக்குடி மூடுற?" என்று கேட்டவர்களிடம், "பாம்பு வருதுக்கா" என்றாள். காலிக் குழியில் பிள்ளையைப் பார்த்தால் யார் வீடென்றாலும் நுழைந்து தூக்கி வெளியே விடுவாள். பாம்புக்குப் பயந்து சிலர் தங்கள் குழியையும் மூடினார்கள்.

தன்னைக் காப்பாற்றிய அம்மாவின் கதையைக் கேட்டே ஜெயப்ரியா வளர்ந்தாள். செயற்கைக் கண் பொருத்திக்கொண்டாள். ஊரில் எந்தக் கண் முகாம் நடந்தாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். பிள்ளைக்கு எவ்வளவு பொறுப்பு என்று லீலா நினைத்தாள். வேறு எதையும் நினைக்கவில்லை.

அந்த ஆனி ஞாயிற்றுக்கிழமை வந்தவாசியிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது. சித்தப்பா பழம் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். ஜெயப்ரியா புடவை கட்ட மாட்டேன் என்றாள்.

"கட்டிகினு போய், ரெண்டு வருஷத்துல அந்தாளு வீட்ல பொணமா கெடக்கணுமா? இன்னொரு கண்ணுல அது எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? ஒவ்வொரு தலைவலிக்கும் அவ்ளோதான்னு படுத்துகினு கெடக்கறேன்."

"வராதுடி."

"உனக்கு இன்னா தெரியும்?"

"அது கேன்சரே இல்லடி."

நாய், குழி, புழு என்று எல்லாவற்றையும் லீலா சொல்லி முடித்தாள். பிறகு ஜெயப்ரியா சொன்னாள்: "கண்ணு போனது போவட்டும். மண்ணு தின்னதுக்கு நீ இன்னா பண்ணுவே? ஆனா சின்னதுலேருந்து நான் பயந்து பயந்து செத்துகினு இருந்தேன். பக்கத்துலயே படுத்துகினு இருந்தியேம்மா."

உடனே பையில் துணியை எடுத்து வைத்தாள்.

வேலூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள் என்று வேறு யாரோதான் வந்து சொன்னார்கள். சித்தப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவரிடம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. லீலாவும் சொல்லவில்லை. மகளைத் தானே போய்ப் பார்க்க இரண்டு தடவை ஆரணி பஸ் நிலையம் வரை போய்த் திரும்பியிருக்கிறாள்.

2009 கார்த்திகையில் என் செல்போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. நம்பர் புதிசு. லீலாவிடம் போன் கிடையாது. எடுத்துக்கொண்டு போய்த் தறியருகே நின்று படித்துக் காட்டினேன்:

"அக்கா, ஜெயப்ரியா. அம்மாகிட்ட படிச்சுக் காட்டு. இந்த வருஷம் கண் முகாமுக்குப் போகல. போன வாரம் தலைவலி வந்துச்சு. மாத்திரை போட்டுகினு தூங்கிட்டேன். அத சொல்லணும்னு தோணுச்சு. என்னைத் தேடிகினு வர வேணாம்."