வெள்ளி டம்ளரில் காபி

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டையில் எம்.எஸ்ஸி. வேதியியலுக்கு எனக்கு இடம் கிடைத்தது. சேர்வதற்குத்தான் வழியில்லை. அப்பா கணக்கு எழுதிக்கொண்டிருந்த அரிசி ஆலையை மூடிவிட்டார்கள். அறிவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு எங்கள் சாதிச் சங்கம் உதவித்தொகை தருகிறது என்று யாரோ சொல்ல, விண்ணப்பித்தேன். அதற்குப் பதில் ரதவீதியில் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கலாம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே கொடுக்கிறவர்கள்தான் வாங்குகிறவள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். மூன்று பெரிய மனிதர்கள் காரில் வீட்டுக்கே வந்து, நாம் சரியான அளவுக்கு ஏழையாக இருக்கிறோமா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். மதிப்பெண்ணைப் பற்றி ஒருவருக்கும் கவலை கிடையாது.

அன்றைக்கு அப்பா கோயிலுக்கு என்று நழுவிவிட்டார். அம்மாவோ நெய் விட்டுக் கேசரி கிண்டினாள். பக்கத்து வீட்டு அத்தையிடம் மூன்று வெள்ளி டம்ளர்களை இரவல் வாங்கி, திருநீறு போட்டுத் துலக்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நாம இல்லாதப்பட்டவங்களான்னு பாக்கத்தானம்மா அவிய வாராவ?"

"இல்லாதது நமக்கு. வந்தவியளுக்கு நசுங்குன டம்ளர்லயா காப்பி குடுக்கச் சொல்லுத?"

வந்தார்கள். தலைவர் பாத்திரக்கடை முதலாளி. "பொம்பளப்பிள்ள கெமிஸ்ட்ரி படிச்சு ஆசிட்டா காய்ச்சப் போகுது?" என்றார். மற்ற இருவரும் கடமைக்குச் சிரித்தார்கள். கேசரியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றார்கள். பிறகு தலைவர் டம்ளரைக் கையில் தூக்கி எடை பார்த்தார்.

"நல்ல கனமான வெள்ளியால்லா இருக்கு. வீட்டுச் சாமானாம்மா?"

இரவல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்குப் படிப்பு. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது.

"எங்க அம்ம வீட்டுல போட்டது அண்ணாச்சி," என்றாள், சிரித்த முகத்தோடு.

"அப்ப சரிம்மா. நெசமாவே கஷ்டப்படுத பிள்ளைய நெறைய இருக்கு பாத்துக்கிடுங்க," என்று ஏப்பம் விட்டபடி எழுந்தார்.

கார் போனதும் கத்தினேன். "எம் படிப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டியே" என்றேன். அதைவிட மோசமாகவும் பேசினேன். அவள் டம்ளர்களைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்து, "போய்க் குடுத்துட்டு வா" என்றாள். அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன். கேசரி தின்ற மூவரையும் இன்றுவரை வெறுக்கிறேன். அம்மா தன் வாயாலேயே தன்னை இல்லாதவள் என்று சொல்லியிருந்தால் அவர்களுக்கு வயிறு இன்னும் நிறைந்திருக்கும்.

அத்தையிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிடுவது என்றுதான் போனேன். அவள் டம்ளர்களை வாங்கிக்கொண்டு, "என்னட்டி, பணம் தாரோம்னாவளா?" என்று கேட்டாள்.

"தாரோம்னுதான் சொன்னாவ அத்தை. நாங்கதான் வேண்டாம்னுட்டோம்," என்றேன்.