சுவாங்கின் எட்டுச் சாட்சிகள்

சுவாங் ஏழாம் மாதத்திலேயே பிறந்தவன். மருத்துவர் நாள் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டார் என்பாள் அவன் அம்மா. நான் நம்பமாட்டேன். அவனுக்கு உள்ளே இருக்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரியாக அன்றிலிருந்து அவனைப் பார்க்கிறேன். கொதிக்கிற கஞ்சியை ஊதாமல் குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொள்வான். தேவாலயத்தில் போதகர் ஆசீர்வதிக்கக் கை தூக்கும்போது இவன் வாசலைத் தாண்டியிருப்பான். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து விடைத்தாளை நீட்டிவிட்டு வந்தான். கேள்வித்தாளின் பின்பக்கத்திலும் கேள்வி இருந்தது அவனுக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. நாம் ஒரு பேச்சை ஆரம்பித்தால் அவனே முடித்துக்கொடுப்பான், பெரும்பாலும் தப்பாக.

இப்படிப்பட்டவன் படித்தது கணினி. கணினி மட்டும்தான் அவன் வேகத்துக்கு ஈடுகொடுத்தது போலிருக்கிறது.

நான் லாராய். மலை மேலிருக்கிற எங்கள் ஜோஸ் ஊர்ச் சந்தையில் மொத்த வியாபாரம், உருளைக்கிழங்கு. லாகோஸிலிருந்து லாரியோடு வருகிறவர்கள் மூட்டையை ஏற்றிவிட்டு, "பணம் அனுப்பிட்டேங்கக்கா" என்பார்கள். நம் கைபேசியிலும் வங்கியிலிருந்து வந்தது போலவே 'டிங்' என்று ஒரு சேதி விழும். லாரி மலையிறங்கிய பிறகு வங்கியில் போய்க் கேட்டால், அப்படி ஒரு பணமே வரவில்லை என்பார்கள். போன மழைக்காலத்தில் எனக்கு ஒரு லாரி கிழங்கு இப்படித்தான் போனது. அதன் பிறகு யாராவது கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினால் எனக்குக் கை துறுதுறுக்கும்.

சுவாங் அப்போதுதான் வந்தான். "அக்கா, இனிமே கிரிப்டோ காசுல வாங்குங்க. அதுல இந்த டிங் வேலையெல்லாம் நடக்காது."

"ஏன், அந்த வங்கிக்காரன் ரொம்ப நல்லவனா?"

"அதுக்கு வங்கியே கெடையாதுக்கா. உலகம் பூரா ஆயிரக்கணக்குல கணினி இருக்கு. ஒண்ணுகிட்ட சேதி சொன்னா அது பக்கத்துல சொல்லும், அது இன்னொண்ணுகிட்ட சொல்லும். ஒருத்தன் பொய் சொன்னா மத்தது பிடிச்சிடும்."

ஒரே சிக்கல், எல்லாம் கூடிப் பேசி, பணம் வந்தது உண்மைதான் என்று முத்திரை குத்த அரை மணி நேரமாகும். எங்கள் சந்தையில் அரை மணி நேரம் ஒரு லாரி நின்றால் பின்னால் நிற்கிற பத்து லாரிக்காரர்களும் நம் பரம்பரையையே திட்டித் தீர்த்துவிடுவார்கள். சுவாங் அதைத்தான் கையில் எடுத்தான். ஒவ்வொரு கணினியும் வேறு எட்டுக் கணினிகளின் பேச்சைத்தான் நேராகக் கேட்குமாம். அந்த எட்டில் யார் மெதுவாகப் பதில் சொல்கிறார்களோ அவர்களைக் கழற்றிவிட்டு, சட்டென்று சொல்கிறவர்களைச் சேர்த்துக்கொள்ளும்படி செய்தான். எட்டுப் பேரும் 'வந்தது' என்றால் பணம் வந்த மாதிரிதான், முத்திரைக்குக் காத்திருக்க வேண்டாம் என்றான். கண் மூடித் திறப்பதற்குள் திரையில் எட்டுப் பச்சைப் புள்ளிகள். எனக்கும் பிடித்திருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? திங்கட்கிழமை எங்கள் சந்தை முழுக்க இதற்கு மாறுவதாகப் பேச்சு. அது நடந்தால் அவன் முறையை உலகம் முழுக்கப் போட்டுவிட்டு, அவனுக்கு வேலையும் கொடுப்பதாக அந்தக் காசை நடத்துகிற நைரோபிக் குழு சொல்லியிருந்தது. முப்பது வயதில் அவனுக்குக் கிடைக்கப்போகிற முதல் சம்பளம்.

கானெங் ஒருத்திதான் ஒத்துக்கொள்ளவில்லை. இவனோடு சேர்ந்து வேலை பார்க்கிறவள். இவன் கட்டியதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. நல்ல பெண், ஆனால் ஒரு கேள்விக்கு அவள் பதில் சொல்வதற்குள் என் கிழங்கு முளைவிட்டுவிடும். "சீக்கிரம் பதில் சொல்றவங்களையே சேத்துக்கிட்டா, பக்கத்துல இருக்கறவங்கதான் சேருவாங்க. பக்கத்துல யாரு வேணா வந்து உக்காரலாமே, சுவாங்" என்றாள்.

"நீ யோசிச்சு முடி. அதுக்குள்ள நான் வேலையவே முடிச்சிடறேன்" என்றான் இவன்.

சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் ஒத்திகை. முகம் தெரியாத ஒருவன் வந்து மரியாதையாகப் பேசி, பேரம்கூடப் பேசாமல் என்னிடம் ஒரு லாரி கிழங்கு வாங்கினான். பேரம் பேசாதபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும். பணத்தை அனுப்பினான். எட்டுப் புள்ளியும் பச்சை. சந்தையே கைதட்டியது. லாரி கிளம்பிவிட்டது. சுவாங் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

கைதட்டிய கூட்டம் கலைந்த பிறகு கானெங் வந்தாள், நிதானமாக, வேர்க்கடலை கொறித்துக்கொண்டு.

"பணம் வந்துச்சா?"

"எட்டுச் சாட்சி! பாத்துக்கோ."

"அந்த எட்டும் நான்தான்."

சந்தைக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, எட்டுப் பழைய கணினிகளை உட்கார வைத்திருக்கிறாள். அவ்வளவு பக்கத்திலிருந்து பதில் சொன்னால் உலகத்தில் வேறு யார் முந்த முடியும்? சுவாங்கின் கணினி தூரத்து ஆட்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டு இவளுடைய எட்டையும் மடியில் வைத்துக்கொண்டது. அந்த எட்டிடம் 'காசு லாராய்க்கு' என்று சொல்லிவிட்டு, மற்ற உலகத்திடம் அதே காசைத் தனக்கே அனுப்பியதாகச் சொல்லியிருக்கிறாள். உலகம் அதைத்தான் நம்பியது. கிழங்கு வாங்க வந்தவனும் அவள் அனுப்பிய ஆள்தான்.

எனக்கு உச்சி கொதித்தது. மறுபடியும் அதே டிங்! "என் லாரி எங்கடி?"

"சுவாங்கோட அம்மா வீட்டு வாசல்ல நிக்குதுக்கா. ஒரு கிழங்குகூடக் குறையாது."

குறைந்தது. அவன் அம்மா அதற்குள் அரை மூட்டையைத் தெருவுக்கே பங்கு போட்டிருந்தாள். அந்தக் கணக்கை இன்னும் நான் பேசவில்லை.

கானெங் அவனை ஓரமாக இழுத்துப்போனாள். கிழங்கு மூட்டைக்குப் பின்னால் நின்று நானும் கேட்டேன், வெட்கமென்ன?

"லாராய் அக்காவத் தவிர வேற யாருக்கும் தெரியாது. நைரோபிக்கும் நான் எழுதல. மொதல்ல வேலைய வாங்கிக்கோ, அப்புறம் மெதுவா சரி பண்ணிக்கோ. இல்லேன்னா இப்பவே சொல்லிடு. உன் இஷ்டம்."

சுவாங் கையிலிருந்த திரையில் எட்டுப் பச்சைப் புள்ளிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினான். அவன் எதையும் அவ்வளவு மெதுவாகச் செய்து நான் பார்த்ததே இல்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தே போனேன். பிறகு மூட்டைகள் மேல் ஏறி நின்றான்.

"எல்லாரும் கேளுங்க! நான் பண்ணினது தப்பு. இப்ப கைதட்டினீங்களே, அந்தப் பணம் வரவே இல்ல. திங்கக்கெழம யாரும் இதுல வாங்காதீங்க. நானே வந்து கெஞ்சினாலும் வாங்காதீங்க."

"எறங்குடா, கிழங்கு நசுங்குது!" என்று யாரோ கத்தினார்கள். சந்தை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே நின்று நைரோபிக்கும் பேசினான். வேலையைப் பற்றி அப்புறம் பார்க்கலாம் என்றார்களாம். அப்புறம் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா?

அறுவடை முடிவதற்குள் இருவரும் சேர்ந்து அதைத் திருத்தினார்கள். இப்போது எட்டில் பாதிப் பேர் வேகத்துக்கு. மீதிப் பேரைக் குலுக்கல் போட்டு எங்கெங்கோ தூர தேசத்திலிருந்து எடுக்கிறார்கள், ஓர் இடத்துக்கு ஒருவர்தான். அவர்கள் ஆமை மாதிரி வந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். பழைய அரை மணி நேரத்துக்கு இது எவ்வளவோ தேவலை.

ஆனால் சந்தைக் கூட்டத்தில், யார் முதலில் இந்த முறையில் காசு வாங்கிப் பார்க்கிறீர்கள் என்று கானெங் கேட்டபோது எல்லோரும் காலடி மண்ணைப் பார்த்தார்கள். சுவாங்கும் மண்ணைத்தான் பார்த்தான்.

நான் கையைத் தூக்கினேன்.

"உனக்குப் புத்தி இருக்கா லாராய்? உன்னையேதான ஏமாத்தினாங்க!" என்றாள் வெங்காயக்காரி.

"என்னை ஏமாத்தினவன் எத்தனையோ பேர் இருக்கான். திரும்பி வந்து 'என்னை நம்பாதீங்க'ன்னு சொன்னவன் இவன் ஒருத்தன்தான். நான் இவன் முறையிலதான் காசு வாங்குவேன்."

சுவாங் நிமிர்ந்தான். கண் கலங்கியிருந்தது. "அக்கா, ரெண்டு நாள் யோசிச்சுட்டுச் சொல்லுங்களேன்" என்றான்.

"போடா. மூட்டைய ஏத்தச் சொல்லு."