கப்பலுக்குள் முன்னால் போன கால்கள்

பதினைந்து பாகம், அதாவது தொண்ணூறு அடி ஆழத்தில், மாவு மாதிரிச் சேறு படிந்த ஒரு கப்பலுக்குள் எப்படிக் கால் அடிப்பது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாதென்றால் என்னைப் பொய்யன் என்று சொல்ல வராதீர்கள். ஜின், பேய் என்று யாராவது தொடங்கினாலே எழும்பிப் போகிறவன் நான், கம்பஸில் பௌதிகம் படிக்கிறவன்.

போன வருஷம், தொண்ணூற்றேழில், கம்பஸ் மூடிக் கிடந்தபோது பெரியும்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறையான மன்சூர் காக்காவின் போட்டில் சங்கு குளிக்கப் போனேன். அங்கே எல்லோரும் இடுப்பில் ஈயத்தை அள்ளிக் கட்டிக்கொண்டு, கால் கீழே தொங்க, சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடிப்பார்கள், சேறெல்லாம் எழும்பும். நான் ஹிக்கடுவையில் முறையாக டைவிங் படித்தவன். பாயில் குப்புறப் படுத்த மாதிரி உடம்பை மட்டமாக வைத்து, முழங்காலை மடித்து, பாதம் மேலே இருக்க, தவளை மாதிரி அகட்டி அடிப்பேன். ஒரு தூசு எழும்பாது.

"தவளை வாறார், வழி விடுங்கடா" என்பார் காக்கா.

ஒரு நாள், எப்போதோ மூழ்கிக் கிடந்த ஒரு சரக்குக் கப்பலுக்குள் நான் மட்டும் இறங்கினேன், காக்கா மேலே போட்டில். இரண்டாவது அறைக்குள் போனதும் சேறு கலங்கி, தேத்தண்ணியில் பால்மா கொட்டின மாதிரி எல்லாம் மறைந்தது. வாசல் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, முதுகிலிருந்த டாங்கியில் காற்றும் முடிகிற கட்டம். வல்லாஹி, டோர்ச் வெளிச்சத்தில் முகத்துக்கு முன்னால் இரண்டு வெறும் உள்ளங்கால்கள். காலில் மாட்டுகிற ஃபின்ஸ் இல்லை, மூச்சுக் குமிழி இல்லை, ஆனால் என்னைவிடத் திறமான தவளை அடி. வேறு வழியில்லாமல் பின்னாலே போனேன், வாசல் வந்தது, கால்களைக் காணவில்லை.

மேலே வந்து காக்காவிடம் சொன்னால்,

"ஒன்ட காலால நீயே கலக்கிப்போட்டு என்னடா கதைக்காய்?"

"நான் கலக்கல்ல காக்கா. வேணுமெண்டா போய்ப் பாருங்க."

மற்ற டாங்கியைக் கட்டிக்கொண்டு போனார். திரும்பி ஏறியவர் என் முகத்தையே பார்க்கவில்லை.

"தண்ணி கண்ணாடி மாதிரிக் கிடக்கு. சேத்துல ஒரு விரல் அடையாளம் இல்ல. நீ உள்ளுக்கே போகல்ல, பயந்து வெளியில நிண்டிருக்காய். பொய் சொல்ற ஆளக் கடலுக்குக் கூட்டிப் போகமாட்டன்."

என்ன நியாயம் இது? முதலில் கலக்கினேன் என்றார், பிறகு போகவேயில்லை என்றார். அடையாளம் இல்லையென்றால் என் அடி சுத்தம் என்றுதானே அர்த்தம்? அதையும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொன்னால், அப்போ சேற்றைக் கலக்கியது யார், அரை மணித்தியாலத்தில் அது எப்படிப் படிந்தது என்று கேட்பார்.

இன்னொன்றை அவரிடம் சொல்லவேயில்லை. அந்தக் குதிகால்கள் வெடித்திருந்தன, வயல் வரம்பில் நடந்து வந்த கால் மாதிரி. வெடிப்புக்குள் மண் காய்ந்து கிடந்தது.

இன்று காலையும் காக்காவின் போட் போனது. என் இடத்தில் வேறொருவன் இருக்கிறான்.