பித்தளையில் வைத்த சந்தனப் பொட்டு

என் மனுசனுக்குக் கடைச் சாமான் எதுவும் சரிவராது. சிகரெட்டை விடவேண்டும், இல்லாவிட்டால் இடது கால் போகும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்ன பிறகும் அப்படித்தான். சர்க்கரை கூடிச் சலரோகம் ஏற்கெனவே காலின் இரத்தக் குழாய்களை அடைத்திருந்தது. சிகரெட்டுக்குப் பதிலாக, பற்றரியில் புகைகிற வேப் பிடித்துப் பாருங்கள் என்றார்கள். நாங்கள் இருக்கிற மனோர் பார்க்கில் தடுக்கி விழுந்தால் வேப் கடையில்தான் விழவேண்டும். ஆனால் இவர் எலக்ட்ரீஷியன் அல்லவா?

"உதெல்லாம் ரெண்டு கிழமையில பழுதாகிற சாமான். நானே செய்யிறன்."

செப்புக் குழாயை வெட்டி, அடியில் பித்தளைப் பொத்தானும் மேலே சூடாகும் கம்பிச் சுருளும் பூட்டி, நடுவில் ஒரு பற்றரியைப் போட்டார். பொத்தானை அமத்தினால் கரண்ட் நேரே சுருளுக்குப் போகும். சும்மா சொல்லக்கூடாது, சாம்பிராணிச் சட்டி மாதிரிப் புகைந்தது. கால் தப்பியது என்று நான் முருகன் கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தேன்.

எங்கள் வீட்டில் விஜயதசமியன்றுதான் ஆயுத பூசை. ஆயுதம் என்றால் ட்ரில், குறடு, மீட்டர், அவர் வேலைக்கு ஓட்டுகிற வான். துடைப்பதற்காகக் கழற்றிய வேப்பும் அவற்றோடு மேசையில் கிடந்தது. குங்குமம் முடிந்துபோயிருந்தது. சந்தனத்தை மட்டும் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அந்தப் பித்தளைப் பொத்தானின் உட்பக்கம் நெற்றி மாதிரி வட்டமாக இருந்தது. அதற்கும் வைத்தேன். பிறகு வானுக்கு வைக்கப் போய்க் கதவைத் திறந்தால், சீற்றுக்குக் கீழே பாதி காலியான சிகரெட் பெட்டி. நல்ல நாளில் சண்டை வேண்டாம் என்று வானுக்கும் பொட்டை வைத்துவிட்டு உள்ளே வந்தேன்.

மறுநாள் அவர் வேப்பைப் பூட்டினார். புகை வரவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தார். பற்றரியில் நாலு வோல்ட்டுக்கு மேல் இருந்தது. பொத்தானை அமத்தினால் சுருளுக்கு மூன்றுகூட வந்து சேரவில்லை.

"இடையில எங்கயோ கரண்டைக் குடிக்குது," என்றார்.

பற்றரியை மாற்றினார், சுருளை மாற்றினார், திருகுப் புரிகளைச் சுரண்டினார். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் ஏச்சு எனக்கு. தேத்தண்ணி ஆறிப்போனாலும் நான்தான், மழை பெய்தாலும் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய தங்கச்சி, என் மச்சாள், நகரத்தின் மறுகோடியிலிருக்கும் சட்டனிலிருந்து வந்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொரு துண்டாக அளந்து வந்தவர் பொத்தானில் நின்றார். பற்றரியைத் தொடுகிற உட்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். பித்தளையின் நிறத்திலேயே காய்ந்து கிடந்தது உதிர்ந்தது. மணந்து பார்த்தார்.

"சந்தனம்! எடியே விசரி, கரண்ட் ஓடுற இடத்தில ஆரும் பொட்டு வைப்பினமோ?"

மச்சாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, சிரிப்பு அடங்க முதலே சொன்னார்: "உன்ர பொட்டாலதான் நான் திரும்பச் சிகரெட் பத்தத் தொடங்கினனான்."

எனக்கு விசர் வந்தது. "பூசையண்டே வானுக்க பெட்டி கிடந்ததே! அதுக்கும் நானோ பொட்டு வைச்சனான்?"

"அது என்ரயில்லை. கூட வேலை செய்யிற போலந்துக்காரன்ர," என்றார். கண்கூட இமைக்கவில்லை.

"அண்ணை பாவம்," என்றாள் மச்சாள். "எவ்வளவு பாடுபட்டுச் சிகரெட்டை விட்டவர்."

ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். பொட்டைத் துடைத்த பிறகு அந்தச் சாமான் பழையபடி புகைந்தது. அவர் அதைத் தொடவேயில்லை. வானுக்குள் இருந்து சிகரெட்டாக ஊதித் தள்ளினார். வசந்தம் வர முதல் இடது காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் கட்டிலில் கிடந்தபடி அதே கதை. "இவளின்ர சந்தனம்." தோடம்பழம் கொண்டுவந்தவர்கள் அவரைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள், என்னை முறைத்தார்கள். கோயிலில் முன்பின் தெரியாத ஒருத்தி, "இனியாவது கவனமா இருங்கோ பிள்ளை," என்றாள். கோதாரி விழ!

இந்த விஜயதசமிக்குக் குங்குமம் நிறைய வாங்கி வைத்தேன். ட்ரில்லுக்கும் குறட்டுக்கும் வைத்து முடித்த பிறகு பார்த்தேன். சோபாவில் சாய்ந்திருந்தவர் பொய்க்காலைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமிப் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். சந்தனத்தை வழித்து எடுத்து, பெரிய பொட்டாக வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

"எடியே, அதில வையாத!" என்று கத்தினார்.

"பயப்பிடாதேங்கோ," என்றேன். "இதில கரண்ட் ஓடாது."

துடைக்கலாம் என்று சோபாவிலிருந்து எழும்பப் பார்த்தார், முடியவில்லை. கால் சாமிப் படத்துக்கு முன்னால் நின்றது.