பால் காய்ச்சாத மாடி

கரும்புள்ளி செம்புள்ளி குத்திய மண்பானை ஒன்று என் வீட்டுப் பரணில் கிடக்கிறது. பாதிப் புள்ளிகள் கரியில் மறைந்துவிட்டன. மாமல்லபுரத்தில் என் மாமனார் வீட்டு மாடியில், கண்ணேறு படாமலிருக்க மூங்கிலில் கவிழ்த்து வைத்திருந்த பானை அது. எவர் கண் பட்டதோ எனக்குத் தெரியாது. பானை மட்டும் பிழைத்தது.

எழுபதுகளில் நான் புது மருமகள். மாமனார் கரையில் மீன் ஏலம் விடுகிறவர். வீட்டுப் பத்திரத்தைச் செங்கல்பட்டு வங்கியில் வைத்துத்தான் மொட்டை மாடியோடு அந்த மெத்தை வீட்டைக் கட்டியிருந்தார். வங்கி கேட்டதால் தீ விபத்துக்கு இன்சூரன்சும் எடுத்திருந்தார். கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் மாதக்கணக்கில் தங்க ஆரம்பித்த காலம். அவர்களுக்கு வாடகைக்கு விடலாமென்று மொட்டை மாடியில் கீற்றுக் கொட்டகை போட்டு, அறை தடுத்தார். வேலை முடிந்ததும் இன்சூரன்ஸ் ஆபீசுக்கு அவரே போய்ச் சொன்னார். மேலே கீற்று வந்துவிட்டால் பழைய பாலிசி செல்லாது, ஆள் வந்து பார்த்து மாற்றி எழுத வேண்டும் என்றார்கள்.

அந்த ஆள் வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது. மாமனார் கரையில் இருந்தார். மாடிக்கு இன்னும் பால் காய்ச்சவில்லை. ஆவணியில்தான் நாள் குறித்திருந்தது. பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரரை அத்தை, என் மாமியார், நிலைப்படியிலேயே மறித்துவிட்டாள்.

“ஆடி மாசத்துல, பால் காச்சாத வூட்டுல, நெருப்பு புட்ச்சா இன்னா ஆவும்னு எழுத வந்துகீறியா? ஆவணி பொறக்கட்டும் நைனா. நானே சொல்லி அனுப்பறேன்.”

அவரும் இந்தப் பக்கத்து மனிதர்தான். அத்தை கொடுத்த மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். வீட்டில் ஒருவருக்கும் அது தப்பாகத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அடுத்த ஞாயிறு அம்மனுக்குக் கூழ் ஊற்றினார்கள். தெருமுனையில் பெரிய அண்டா, அடியில் சவுக்குக் கட்டை. ஆடிக் காற்று அன்று பேயாய் அடித்தது. பொறி பறந்து எங்கள் கீற்றில் விழுந்ததைத் தெருவே பார்த்தது. கடல் அவ்வளவு பக்கத்தில் இருந்தும், குடத்துத் தண்ணீர் எந்த மூலைக்கு? கொட்டகை எரிந்து, கீழே உத்தரங்களும் பிடித்து, மெத்தைத் தளமே வீட்டுக்குள் இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. உயிரை வைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பது?

செங்கல்பட்டு இன்சூரன்ஸ் ஆபீசில் அத்தை மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “உங்க ஆளு வந்தாரு சார். நான்தான் வாசலோட அனுப்ச்சேன். தப்பு என்னுது. என்ன இன்னா வேணா பண்ணு, வூட்டுக்காரர வுட்டுடு.”

மேலதிகாரி கடுமையானவர் அல்ல. அதுதான் இன்னும் கொடுமை. “வந்தவர் மேலே ஏறிப் பார்க்கலையேம்மா. பார்க்காததை நான் எப்படி எழுதறது?” என்றார். பேருந்தில் திரும்பும்போது மாமனார் அத்தைக்குப் பக்கத்தில் உட்காராமல் முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். அத்தையைத் திட்டியிருந்தால்கூட அவள் தேறியிருப்பாள் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

ஆவணியில் குறித்த நாள் வந்தது. ஒண்டியிருந்த வீட்டில் விடிந்து பார்த்தால் பக்கத்தில் அத்தையைக் காணோம். எரிந்த வீட்டுக்கு ஓடினேன். கரிச் சுவர்களுக்கு நடுவே மூன்று செங்கல் வைத்து, புதுப் பாத்திரத்தில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது. பின்னால் வந்து நின்ற மாமனாரை நிமிர்ந்து பார்த்தாள்.

“பொங்கிட்ச்சு. இப்ப வரச் சொல்லு அவர. மேல ஏறிப் பாத்துக்கட்டும்.”

மாமனார் அங்கேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

மனை வங்கிக்குப் போனது. அவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்தும் வெகு காலமாகிறது. போன ஆடியில் என் மகன் வீட்டுக்கு மேல்தளம் கட்டி முடித்தான். இன்சூரன்சை மாற்றி எழுத ஓர் இளைஞன் வந்தான். மாடியில் தொங்கிய திருஷ்டிப் பூசணிக்காயைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் தயங்கினான்.

“பால் காய்ச்சிட்டீங்களாம்மா? இல்லன்னா ஆவணில வரேன்.”

எட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், பயந்துவிட்டான். மாடி ஏறி முடிக்கும்வரை நான் விடவே இல்லை.